மீத்தேனை எண்ணுகிறார்கள், மூச்சுத் திணறுபவரை?

கோவை மாநகராட்சியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஊர் ஓராண்டில் எத்தனை டன் பசுமை இல்ல வாயுவை வானத்துக்கு அனுப்புகிறது, அதில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, வண்டிகளின் பங்கு எவ்வளவு, குப்பையின் பங்கு எவ்வளவு என்று துறைவாரியாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு அது. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி முகமை பணம் கொடுத்தது. ஐக்லி என்கிற உள்ளாட்சி அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பு, தன் தெற்காசியப் பிரிவின் வழியாக வேலையைச் செய்தது. 'கெப்பாசிட்டீஸ்' என்று திட்டத்துக்குப் பெயர். முதல் கட்டத்தில் ராஜ்கோட், உதய்பூர், சிலிகுரி ஆகியவற்றோடு சேர்த்து எடுத்துக்கொள்ளப்பட்ட நான்காவது நகரம் நம் கோவை. கணக்கெடுத்தார்கள், செயல்திட்டம் எழுதினார்கள், கருத்தரங்கங்கள் நடந்தன.

நம் தோழர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்? காலநிலை என்றால் ரேஸ் கோர்ஸில் காலை நடை போகிறவர்கள் பேசும் சங்கதி, அல்லது வார இறுதியில் பாரம்பரிய விதைத் திருவிழாவுக்குப் போகிறவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. "இயற்கையோடு இயைந்த பழைய கிராமம்" என்று உருகுகிறவர்களிடம், அந்தக் கிராமத்தில் தேநீர்க் கடையில் எத்தனை குவளை இருந்தது என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அந்த எரிச்சலில் இந்தக் கணக்கைப் படிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். அறிவியல் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் அது சாதியால் கட்டப்பட்ட ஒரு நகரத்தின் வரவு செலவு ஏடு.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: என்ன நடந்தது என்பதை, அதற்குரிய உமிழ்வுக் காரணியால் பெருக்க வேண்டும். தெருவிளக்குகள் ஓராண்டில் எரித்த யூனிட்டை, ஒரு யூனிட்டுக்கு மின் தொகுப்பில் வெளியாகும் கரியமில வாயுவால் பெருக்கினால் தெருவிளக்கின் கணக்கு கிடைத்துவிடும். இந்தியாவில் நிலக்கரி மின்சாரமே அதிகம் என்பதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, வார்ப்படச் சாலையின் கல்கரி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். 2014ல் உலக வள நிறுவனம், சி40 நகரங்கள், ஐக்லி மூன்றும் சேர்ந்து நகரங்களுக்கென ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டன. சுருக்கமாக ஜிபிசி என்பார்கள். அதன்படி நகர எல்லைக்குள் நேரடியாகப் புகைவது முதல் வரம்பு. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் வரம்பு. நம் செயலால் எல்லைக்கு வெளியே நடப்பது மூன்றாம் வரம்பு. எரிசக்தி, போக்குவரத்து, கழிவு, தொழிற்சாலைச் செயல்முறை, விவசாயமும் நிலப் பயன்பாடும் என ஐந்து துறைகள்.

மற்ற துறைகளைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நூற்பாலை அதிபர்கள் சங்கமும் மோட்டார் பம்ப் தயாரிப்பாளர்களும் மின் கட்டணம் பற்றிப் பேசிக்கொள்வார்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் ஐரோப்பியக் கொள்முதலாளர்களே கார்பன் கணக்குக் கேட்கிறார்கள். கேட்க நாதியில்லாத துறை கழிவு. ஆகவே அங்கேயே நிற்கிறேன்.

வெள்ளலூர். ஒரு காலத்தில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த ஊர், வணிகப் பெருவழியில் இருந்த ஊர். இன்று கோவைக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே மூக்கு சுளியும். சுமார் 650 ஏக்கர் குப்பைக் கிடங்கு. நூறு வார்டுகளின் கழிவும் ஆண்டுக்கணக்காக அங்கே போய்ச் சேர்ந்தது. சுற்றியுள்ள மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடினார்கள். பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் வேலை உத்தரவுகளுக்குப் பின்தான் வேகமெடுத்தது. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் அணையவில்லை. போத்தனூர், குறிச்சி வரை புகை. அணைத்த செலவுக் கணக்கு பின்னர் மாமன்றத்துக்கு வந்தது. மொத்தம் 76 லட்சத்துக்கும் மேல், அதில் உணவுக்கும் தேநீருக்கும் மட்டும் 27 லட்சத்துக்கும் மேல். ஊரே சிரித்தது. புகையைச் சுவாசித்தவர்களுக்கு என்ன செலவானது என்று ஒரு வரி அந்தக் கணக்கில் இல்லை என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஒரு டன் உணவுக் கழிவை அப்படிப்பட்ட ஆழமான குப்பை மேட்டில் கொட்டினால் என்ன ஆகும்? ஐநாவின் காலநிலைக் குழு கொடுக்கும் பொதுக் காரணிகளை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஈர எடையில் 15 சதவீதம் மட்கும் கார்பன். அதில் பாதி உண்மையில் சிதைகிறது. வெளிவரும் வாயுவில் பாதி மீத்தேன். காற்றுப் புகும் பகுதிக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், ஒரு டன் கழிவிலிருந்து சுமார் 40 கிலோ மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். ஆக, கொட்டிய ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒரு டன்னுக்கும் சற்று மேலான கரியமில வாயுவுக்குச் சமம். ஒரே நாளில் வராது, வருடங்களில் கசிந்து வரும். அதே கழிவைப் பிரித்து உரமாக்கினால் உமிழ்வு ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது ஒரு தூய்மைப் பணியாளரை எடுத்துக்கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 100 கிலோ ஈரக் கழிவை வீடு வீடாக வாங்கி, நாம் அதற்குள் திணித்து வைத்த நெகிழிப் பையையும் சானிட்டரி நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, நுண் உரக்கூடத்தில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 300 வேலை நாள். அவர் தடுத்த உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 28 டன்.

உக்கடம் பெரியகுளத்தில் சுவிட்சர்லாந்து உதவியோடு மிதக்கும் சூரிய மின்தகடுகள் போட்டிருக்கிறார்கள். சுமார் 150 கிலோவாட் திறன். நம் ஊர் வெயிலுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் யூனிட் வரும் என்று கொண்டால், அது தடுக்கும் கரியமில வாயு சுமார் 160 டன். அதாவது ஆறு தூய்மைப் பணியாளர்கள் செய்யும் வேலைக்குச் சமம். நான் அந்தத் தகடுகளுக்கு எதிரி கிடையாது. குளத்தின் மேல் சூரிய மின்சாரம் நல்ல யோசனைதான், இன்னும் பத்துக் குளத்தில் போடட்டும். ஆனால் மாநகராட்சியின் காலநிலைச் சாதனைப் பட்டியலில் தகடுகளுக்குப் படம் இருக்கும். அந்த ஆறு பேருக்கு என்ன இருக்கும்?

என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும். 2022 அக்டோபரில் கோவையின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்திருந்த நாள் கூலி 721 ரூபாயும். அரசே நிர்ணயித்த கூலியை அரசின் ஓர் அங்கமான மாநகராட்சியிடம் கேட்பதற்குத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கொங்குப் பகுதியில் இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அருந்ததியர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே இரண்டு மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஊர் மாறுகிறது, ஆட்சி மாறுகிறது, தெருவில் உட்காருகிறவர்களின் சாதி மாறவில்லை.

ஒப்பந்த முறைக்கும் கார்பன் கணக்குக்கும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தேன். மாநகராட்சி தன் சொந்தக் குப்பை லாரியை ஓட்டினால், அந்த டீசல் புகை மாநகராட்சியின் நேரடி உமிழ்வு, முதல் வரம்பு. அதே லாரியை ஒப்பந்தக்காரர் ஓட்டினால், நிறுவனக் கணக்கில் அது மூன்றாம் வரம்புக்குத் தள்ளப்படலாம். மூன்றாம் வரம்பை முழுதாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இல்லை. லாரி அதேதான், தெரு அதேதான், ஓட்டுபவரும் அதே மனிதர்தான். காகிதத்தில் மட்டும் மாநகராட்சி சுத்தமாகிவிடுகிறது. வருகைப் பதிவேட்டிலும் இதேதான் நடக்கிறது. "அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்" என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு மூன்றாம் வரம்பு என்றால் என்ன என்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. 1970ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதை எதிர்பார்த்துத்தான் முதன்மை வேலையளிப்பவர் என்று ஒருவரைக் குறித்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் அவர் கொடுக்க வேண்டும் என்றது. கார்பன் கணக்கிலும் அப்படி ஒரு முதன்மைப் பொறுப்பாளரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கழிவுத் துறையில் இன்னொரு பத்தி இருக்கிறது: கழிவுநீர். ஐநா குழுவின் வழிகாட்டியில் நாடு வாரியாக ஓர் அட்டவணை உண்டு. ஒரு மனிதரின் கழிவில் ஒரு நாளைக்கு எவ்வளவு மட்கும் பொருள் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. இந்தியருக்கு 34 கிராம். வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால், அந்த 34 கிராமிலிருந்து ஆண்டுக்கு ஒரு நபருக்கு சுமார் 3.7 கிலோ மீத்தேன், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகள் கோவையிலும் சுற்றியுள்ள நகராட்சிகளிலும் நிறைய. பத்து லட்சம் பேருக்கு செப்டிக் டேங்க் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன். சின்னத் தொகை இல்லை.

அந்த 34 கிராம் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. பார்ப்பனருக்கும் கவுண்டருக்கும் சக்கிலியருக்கும் ஒரே அளவு, அறிவியல் அப்படித்தான் சொல்லும். வெளியேறிய பிறகு அந்த 34 கிராமைத் தொட வேண்டியவர் யார் என்பதில்தான் அறிவியல் நின்று மனு தொடங்குகிறார். தொட்டிக்குள் இருப்பது அறிக்கையில் எழுதப்படும் அதே மீத்தேன். அது ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது, தீப்பொறி பட்டால் வெடிக்கிறது. அதோடு சேர்ந்து உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில நொடியில் ஆளைச் சாய்க்கிறது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்களில் மூவர் இறந்தார்கள். 1993ல் ஒரு தடைச் சட்டம், 2013ல் இன்னொரு சட்டம், 2023 அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அத்தனைக்குப் பிறகும் பதிவான சாக்கடைச் சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது.

ஒரே தொட்டி, ஒரே வாயு. வளிமண்டலத்துக்கு அது செய்யும் தீங்கை கிலோவுக்குக் கிலோ கணக்கிட முடிகிற நகராட்சியால், அந்த எல்லைக்குள் எத்தனை தொட்டிகள், எத்தனை முறை திறக்கப்பட்டன, எத்தனை இயந்திரத்தால், எத்தனை மனிதரால் என்று சொல்ல முடிவதில்லை. கேட்டால் "மனிதர்கள் யாரும் இறங்குவதில்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். தொட்டிகளின் எண்ணிக்கை இல்லாமல் மீத்தேனை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்கும் வாய்ப்பை இந்தக் கார்பன் கணக்கு நமக்குக் கொடுக்கிறது. இதை விடக்கூடாது.

உக்கடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் போக்குவரத்து உமிழ்வையும் அங்கேயே பார்க்கலாம். மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நெரிசல் குறையும், எரிபொருள் மிச்சம், புகை குறையும் என்று சொல்லப்படும் வகைத் திட்டம் அது. அதற்காக இடிக்கப்பட்டவற்றில் சி.எம்.சி. காலனியின் வீடுகள் உண்டு. தலைமுறைகளாக மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் வாழ்ந்த குடியிருப்பு. இன்னொரு பக்கம், சீர்மிகு நகரத் திட்டத்தில் குளக்கரைகள் அழகுபடுத்தப்பட்டபோது கரையோரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற ஊருக்கு வெளியே உள்ள அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. விடிவதற்கு முன் நகரத்துக்குள் வேலைக்கு வர வேண்டியவர்களைப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். முன்பு நடந்து போனவர் இப்போது இரண்டு பேருந்து மாறுகிறார், அல்லது கடன் வாங்கி மொபெட் வாங்குகிறார். அந்த மொபெட்டின் புகை கார்பன் கணக்கில் "தனிநபர் வாகனப் பெருக்கம்" என்ற தலைப்பில் ஏறும். குற்றவாளி மொபெட் வாங்கியவர்! வெளியேற்றியவரின் கணக்கில் மேம்பாலமும் குளக்கரைச் சைக்கிள் பாதையும் வரவு.

இப்படியே போனால் உள்ளாட்சியால் எதுவும் ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது சரியில்லை. இதே மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த ஆர்.சண்முகம் காலத்தில், தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின் கட்டணம் ஊராட்சியைத் தின்கிறது என்பதைப் பார்த்தார்கள். முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டினார்கள். 2006ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். பெரும்பகுதி வங்கிக் கடன். ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட்டுக்கு மேல் உற்பத்தி. ஊராட்சியின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள், கடனையும் அடைத்தார்கள். கார்பன் மொழியில் சொன்னால் ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் குறைப்பு. சுவிஸ் பணமும் இல்லை, ஆலோசனை நிறுவனமும் இல்லை. மின் கட்டண ரசீதைக் கூர்ந்து படித்த ஒரு ஊராட்சி, அவ்வளவுதான். குடிசைகளுக்குப் பதில் சூரிய மின்சாரம் உள்ள வீடுகளையும் அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பொதுச் சொத்தாக ஒரு மின் ஆதாரம் இருந்தால் அதன் பயன் சேரிக்கும் போகும் என்பதற்கு இதைவிட அருகில் எனக்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை. வைசிராய் அமைச்சரவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் நீரையும் மின்சாரத்தையும் அரசின் திட்டமிடலுக்குள் கொண்டுவரப் பாடுபட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நம் ஈரோட்டிலும் நகரசபைத் தலைவராக இருந்த பெரியார் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி என்பது நம் மரபுக்கு அந்நியமான இடம் கிடையாது.

ஆனால் ஓடந்துறையைப் போல எல்லா ஊராட்சியும் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஊராட்சியின் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 2020ல் இதே கோவை மாவட்டத்தின் ஜே.கிருஷ்ணாபுரத்தில், தனித்தொகுதியில் வென்ற தலித் பெண் தலைவர் தன்னை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுத்து மிரட்டுகிறார்கள் என்று புகார் கொடுக்க வேண்டியிருந்தது. நாற்காலியே மறுக்கப்படும் இடத்தில் காற்றாலைக்குக் கடன் வாங்கும் தீர்மானத்தை யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது?

காலநிலைத் திட்டங்களின் இன்னொரு பாதி, வரப்போகும் மழைக்கும் வெயிலுக்கும் ஊரைத் தயார் செய்வது. அதற்கு "பாதிப்புறும் தன்மை வரைபடம்" போடுகிறார்கள். தாழ்வான இடம், குடிசைகளின் அடர்த்தி, வடிகால் நீளம் எல்லாம் அதில் வரும். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் இடிந்து விழுந்த சுவர் எந்த வரைபடத்தில் இருந்தது? சுமார் இருபதடி உயரக் கருங்கல் சுவர். அதன் அடியில் இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள், அனைவரும் தலித் மக்கள். சுவரைக் குறைக்கச் சொல்லி மக்கள் முன்பே கேட்டிருந்தார்கள். வளிமண்டலவியலார் அன்றைய மழையை மில்லிமீட்டரில் பதிவு செய்திருப்பார்கள். மழை விழுந்தது எல்லார் வீட்டின் மீதும்தான். சுவர் விழுந்தது ஒரு பக்கத்தில் மட்டும். சேரியையும் ஊரையும் பிரிக்கும் சுவர்களைக் கணக்கெடுக்காத காலநிலைத் தகவமைப்புத் திட்டத்தை நடூர் மக்களிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? 2024ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் நிவாரணம் என்றது. வரவேற்கத்தக்கது. பன்னிரண்டு மணி வெயிலில் தள்ளுவண்டியோடு நிற்பவருக்கு இறப்பதற்கு முன் ஒரு நிழற்கூடமும் கழிப்பறையும் வேண்டும்.

"எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவருகிறீர்கள், இது தொழில்நுட்பம்" என்பவர்களுக்கு நான் மகாடை நினைவூட்டுவேன். பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1923ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு வருடம் மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்துவிட்டது. மூன்று ஆண்டு ஒருவரும் நீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் நடந்து போய் அள்ளிக் குடித்தார்கள், அடி வாங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்ளாட்சித் தீர்மானங்கள் எப்படி எழுதப்படுகின்றன, எப்படிக் கிடப்பில் கிடக்கின்றன, எப்போது ரத்தாகின்றன என்பதில் நமக்கு நூறாண்டு அனுபவம்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். "சூடேற்றியது அமெரிக்காவும் ஐரோப்பாவும், சேரியில் மின்விசிறி போடுபவரிடம் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் அதை அப்படியே கோவைக்குள்ளும் கேட்க வேண்டும். தலைக்கு இத்தனை டன் என்று நகரச் சராசரி போட்டால், அவிநாசி சாலையின் குளிர்சாதன மாளிகையும் சி.எம்.சி. காலனியில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பமும் ஒரே சராசரிக்குள் ஒளிந்துகொள்கின்றன. உலக மேடையில் இந்தியாவின் ஏழைகளைக் காட்டிச் சலுகை கேட்பவர்களே உள்ளூரில் அந்த ஏழைகளைக் கணக்கில் பிரித்துக் காட்ட மறுக்கிறார்கள். மின்வாரியத்திடம் இணைப்பு வாரியான யூனிட் கணக்கு இருக்கிறது. வார்டு வாரியாகப் பிரித்துப் போடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

கார்பன் தரவுச்சான்று விற்பனை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தூர் மாநகரம் உரம், உயிரி எரிவாயு ஆகியவற்றால் குறைத்த உமிழ்வைச் சான்றுகளாக விற்று வருவாய் ஈட்டியது. மற்ற நகரங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாளை கோவையும் விற்கலாம். விற்கப்படும் பொருள் என்ன? மேலே சொன்ன 28 டன். அதை உருவாக்கியவர் குப்பையில் கை விட்ட பெண். விற்ற பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்பது ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. புனேயில் 1993 முதல் கழிவு பொறுக்குவோர் தொழிற்சங்கமாகத் திரண்டு, 2008ல் தமக்கே சொந்தமான ஸ்வச் கூட்டுறவு மூலம் மாநகராட்சியோடு நேரடியாக உடன்படிக்கை போட்டார்கள். அங்கேயும் சிக்கல் உண்டு, ஆனாலும் குறைந்தபட்சம் பேரம் பேச ஓர் அமைப்பு இருக்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம் என்று வடசென்னைக் கொடுங்கையூருக்கு வந்த யோசனை கோவைக்கும் வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எரிஉலையில் மட்கும் கழிவிலிருந்து வரும் கரியமில வாயு மொத்தக் கூட்டலில் சேர்க்கப்படாமல் தனியே எழுதப்படும். மீத்தேனும் குறைந்ததாகக் கணக்கு அழகாக வரும். நெகிழி எரிந்த புகை உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் நெஞ்சுக்குள் போகும். வெள்ளலூர் தீயின் கரிப்புகைகூட பசுமை இல்ல வாயுப் பட்டியலில் இல்லை.

2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை எப்போதும் போல உண்டு. பெரும்பாலும் சாலையில் குழி, குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்பதோடு முடிந்துவிடும் கூட்டங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சியில் இருக்கும் இளந்தோழர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், கேள்வியை எழுத்தில் கொடுங்கள். நம் உள்ளாட்சியின் கார்பன் கணக்கு எந்த ஆண்டுக்கானது, தமிழில் எங்கே வெளியிடப்பட்டது? ஒப்பந்தக்காரர் வண்டிகளின் டீசல் எந்த வரம்பில் எழுதப்பட்டது? எல்லைக்குள் எத்தனை செப்டிக் டேங்க், சென்ற ஆண்டு எத்தனை முறை திறக்கப்பட்டன, எத்தனை இயந்திரங்கள் உள்ளன? நுண் உரக்கூடங்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன, எந்தெந்தத் தெருவில் எதிர்ப்பு வந்ததென்று கைவிடப்பட்டன? உரக்கூடத்தில் வேலை செய்பவருக்குக் கையுறையும் 721 ரூபாயும் கிடைக்கிறதா? குடியமர்த்தப்பட்டவர்கள் வேலைக்கு வர ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள்? வார்டில் மழைக்கு இடியக்கூடிய சுவர்கள் எத்தனை, அவை யாருடையவை? வாய்ப்பேச்சோடு விடாமல் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். எழுத மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்.